ஆத்துச் சிப்பி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கம்பைநல்லூரான்:
போன வருடம் சித்திரையில் நடந்தது. இருமத்தூர்ப் பாலத்துக்குக் கீழே தென்பெண்ணை கோடையில் எப்படிக் கிடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மணல் அள்ளிய குழிகளில் மட்டும் தண்ணீர். அப்படி ஒரு குழி வற்றி, ஓரச் சேறு பாதி இறுகியிருந்தது. அதில் யாரோ விரலால் இழுத்த மாதிரி கோடு கோடாக. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். நாலு முழம் நேராகப் போய், வளைந்து, வந்த பக்கமே திரும்பியிருந்தது. முடிந்த இடத்தில் ஒரு சிப்பி, பாதி புதைந்து. அது வளைந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் இரண்டு முழம்தான். நாக்கு மாதிரி ஒரே ஒரு கால். அதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் திரும்பியது? தொட்டதும் சொத்தென்று தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு மூடிக்கொண்டது.

அறுபது எழுபது பொறுக்கி, பெயிண்ட் பக்கெட்டில் குழித் தண்ணீரையே ஊற்றி, வண்டியில் மாட்டிக்கொண்டு ஆழமான மடுவைத் தேடிப் போனேன். வழியில் ஒரு டீ. பேச்சுவாக்கில் அரை மணி நேரம் போய்விட்டது, பக்கெட் வெயிலில். மடுவில் கொட்டும்போது பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. தட்டினேன், மூடவில்லை. அந்த டீதான் இன்னும் அரிக்கிறது.

அணைப்பக்கம்:
2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் உடைந்ததே, அப்போது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஊரே மீன் பிடிக்கப் போனது, நானும்தான். வற்றிய சரிவு முழுக்கச் சிப்பி. நத்தைகுத்தி நாரைகளுக்கு விருந்து. மூன்றாம் நாள் நாற்றம் வீடு வரை வந்தது. அம்மா நாலு ஓடு பொறுக்கி வந்தார், அடிப்பிடித்த பாத்திரம் சுரண்ட. ஒன்று இன்னமும் அடுப்படியில் இருக்கிறது. உள்பக்கம் அப்படி ஒரு மினுமினுப்பு. அன்றைக்கு அதில் உயிர் இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பயாலஜி டீச்சர்:
என் அனுபவம் பெரிதாக இல்லை. பாரூர் ஏரியில் சின்ன வயதில் சிப்பி ஓடு காலைக் கிழித்தது, அவ்வளவுதான்.

ஆனால் கம்பைநல்லூரான் சார், டீ மட்டும் காரணம் இல்லை. பக்கெட்டே தப்பு. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதை எழுபது உயிர் பங்கு போட்டால்? ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் கொண்டுபோயிருக்கலாம். சிப்பி வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம், கொட்டக் கூடாது, நட வேண்டும். கால் நீட்டுகிற முனை மணலுக்குள், தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிற முனை மேலே. அதே ஆற்றிலேயே விட வேண்டும். வேறு ஏரிக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும்.

இன்னொன்று. ஆற்றுச் சிப்பியின் குஞ்சு தானாக வளராது. மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் மணலில் விழும். எல்லா மீனும் ஒத்துவராது. ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு மேல் வாழும் ஆற்று முத்துச் சிப்பி ஒன்று உண்டு. அது அழிகிறது என்று, பண்ணையில் டிரவுட் மீனின் செவுளில் குஞ்சுகளை ஏற்றி வளர்க்கிறார்கள். நம் ஆற்றில் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டும் மிஞ்சினால் கிழட்டுச் சிப்பிகள் இருந்தும் குஞ்சு இல்லாமல் போகலாம். முதலில் நாட்டு மீன்களைப் பாருங்கள்.

ஓசூர்ச் சின்னவன்:
டீச்சர், மீன் கதை அப்புறம். நட வேண்டும் என்கிறீர்களே, மணல் எங்கே இருக்கிறது? அள்ளியது போக எங்கள் மாமா ஊரில் ஆறு வெறும் பாறையும் களிமண்ணும். மேலே கெலவரப்பள்ளி அணையில் திறந்துவிட்டால் நுரை ஆள் உயரத்துக்குப் பொங்குகிறது. மீனும் சிப்பியும் அதைத்தானே குடிக்க வேண்டும்?

முன்பு அங்கே காலைப் புதைத்தாலே சிப்பி தட்டுப்படும். சிப்பி ஓட்டைக் கல்லில் தேய்த்துத் துளை போட்டு மாங்காய் சீவுவோம். போன மாதம் மகனுக்குக் காட்டலாம் என்று ஒரு மணி நேரம் துழாவினேன். கிடைத்தது ஒரே ஒரு ஓடு, விரல் பட்டதும் பொடிந்துவிட்டது. "இதுக்காப்பா வந்தோம்?" என்றான்.

கம்பைநல்லூரான்:
டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மடுவுக்குப் போனேன். கலங்கல். கையை விட்டுத் துழாவினால் பிளந்த ஓடாகவே வந்தது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடைசியாக ஒன்று, பிடித்ததும் இறுக மூடியது. நான் கொட்டியதா, முன்பே அங்கே இருந்ததா, யாருக்குத் தெரியும். எந்த முனை மேலே என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே நட்டுவிட்டு வந்தேன். சரியாக நட்டேனா என்று இப்போது சந்தேகம்.