மராக்காஸ் குலுங்குற நேரம்: ஒரு படம், மூணு ரசிகர்கள்

‘சம் லைக் இட் ஹாட்’ படத்தை நான் முதல்ல பார்த்தது லேப்டாப்ல, ராத்திரி, தனியா. பில்லி வைல்டர் 1959ல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கொலையை நேர்ல பார்த்துட்ட ரெண்டு வாத்தியக்காரங்க, ரவுடிகளுக்குப் பயந்து பெண் வேஷம் போட்டுக்கிட்டுப் பெண்கள் இசைக்குழுவுல சேர்ந்துடுறாங்க. நல்லாத்தான் இருந்தது. ஒரு காட்சி மட்டும் இழுவையாப் பட்டது. ஒரு கோடீஸ்வரக் கிழவர் தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுட்டார்னு, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா வர்ற ஜாக் லெம்மன் நண்பன்கிட்ட சொல்ற இடம். ஒரு வசனம் பேசுவார், மராக்காஸைக் (கையில பிடிச்சுக் குலுக்கினா சலசலக்குற வாத்தியம்) குலுக்கி ஆடுவார். அப்புறம் இன்னொரு வசனம், திரும்பவும் குலுக்கல். எதுக்கு இவ்வளவு நேரம்னு தோணுச்சு.

அப்புறம் ஒரு திரையிடல்ல கூட்டத்தோட பார்த்தேன். குலுக்கல் சத்தமே கேட்கலை, அவ்வளவு சிரிப்பு. சிரிப்பு அடங்கவும் அடுத்த வசனம் வரவும் சரியா இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார். சிரிப்புல வசனம் அமுங்கிடக் கூடாதுன்னுதான் வைல்டர் மராக்காஸைக் கொடுத்தார்னு பிறகு படிச்சேன். இல்லாத கூட்டத்துக்காக ஒரு மனுஷன் இடம் விட்டு வெச்சிருக்கார். அதை நினைச்சா இப்பவும் சிலிர்க்குது.

*

நான் டபுள் பேஸ் (ஆள் உயரத்துக்கு நிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) வாசிக்கிறவன். என் கண்ணு லெம்மனோட பேஸ் மேலயேதான் இருந்தது. அதோட உடம்புல குண்டு துளைச்ச ஓட்டைங்க! அதை வெச்சேதான் வாசிக்கிறார். ஆனா என்னை உலுக்கினது அதுக்கு முந்தின இடம். நாய்ப் பந்தயத்துல காசு போகுது, சிகாகோ குளிர்ல ஓவர்கோட்டும் அடகுக்குப் போகுது. பேஸும் சாக்ஸபோனும் மட்டும் கையை விட்டுப் போகலை. கையில காசில்லாத ஒரு வருஷம் நான் பைக்கை வித்தேன். பேஸை விக்கணும்னு தோணவே இல்லை. வாத்தியக்காரங்களைத் தெரிஞ்ச யாரோதான் இதை எழுதியிருக்கணும்.

*

மேல எழுதின ரெண்டு பேருக்கும் நன்றி. என் வீட்டுக்காரர் டெனர் சாக்ஸ் (ஒரு வகை சாக்ஸபோன்) வாசிக்கிறவர். ரயில் காட்சியில, அந்தப் பெண்கள் குழுவுல பாடுறவளா வர்ற மர்லின் மன்றோ, டெனர் சாக்ஸ்காரங்கன்னா தனக்கு மனசு நிக்காது, ஒவ்வொரு தடவையும் ஏமாந்துதான் போறேன்னு சொல்லுவாங்க. அவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திட்டு, “நான் உன்னை ஏமாத்தியிருக்கேனா?”ன்னு கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் அப்படிக் கேட்டதே இல்லை. இல்லைன்னேன். கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் படத்தைத் திரும்ப ஓடவிட்டார்.