பெரியப்பா லேப்டாப்பில் ரைட் கிளிக்

பெரியப்பா: புது லேப்டாப் வந்து 10 நாள் ஆகிறது. பழையதில் பத்திர ஸ்கேன் மேல் ரைட் கிளிக் செய்தால், கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மெனுவில் உடனே வரும். இந்த விண்டோஸ் 11-இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்திய பிறகுதான் வருகிறது. தினம் 40 பத்திரம், விரல் வலிக்கிறது.

மீனா சித்தி: எனக்கும் அப்படித்தான் அத்தான். பெயர் மாற்றும் ரீநேமைத் தேடித் தேடிப் பார்த்தால், மேலே குட்டிப் படமாக நிற்கிறது.

பெரியப்பா: ஒரு வீடியோவில் சாஃப்ட்வேர் ஒன்று காட்டினார்கள். ஒரே கிளிக்கில் மறைந்திருக்கும் செட்டிங் எல்லாம் மாறுமாம், வேகமும் கூடுமாம். இறக்கி வைத்திருக்கிறேன். போடவா?

செந்தில்: வேண்டாம் பெரியப்பா! கடையில் ஆள் நிற்கிறார், 5 நிமிடத்தில் வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்.

செந்தில்: போன வருடம் நம் ஜெராக்ஸ் கடையில் பையன் அப்படி ஒன்றைப் போட்டான். 60 கட்டத்துக்கு மேல் டிக், எல்லாம் ஒரே அடியில். மறுநாள் பிரிண்டர் ஓடவில்லை. கேபிள் மாற்றினோம், டிரைவரை மறுபடி போட்டோம், 2 நாள் வியாபாரம் போனது. கடைசியில் பார்த்தால், பிரிண்ட் வேலைகளை வரிசையாக அனுப்பும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்கிற பின்னணி சர்வீஸைத் தேவையில்லாதது என்று அது நிறுத்தி வைத்திருந்தது. அது நின்றால் பிரிண்ட் போகவே போகாது.

நிவேதா: அப்போ இந்த வகை சாஃப்ட்வேரே ஆகாதா அண்ணா?

செந்தில்: அப்படிச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் தன் செட்டிங்குகளை ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேட்டில் எழுதி வைக்கிறது. அதில் பலவற்றுக்கு செட்டிங்ஸ் பக்கத்தில் பொத்தானே கிடையாது. உதாரணம், ‘மெனு ஷோ டிலே’ என்று ஒரு வரி. அதில் 400 என்று இருக்கும். பழைய பாணி மெனுவில் உள்மெனு திறக்க 400 மில்லிசெகண்ட் காத்திரு என்று அர்த்தம். 100 என்று மாற்றினால் சட்டென்று திறக்கும். ட்வீக்கர் என்றால் இப்படி மறைந்திருக்கும் செட்டிங்கை மாற்றும் சாஃப்ட்வேர். நல்ல ட்வீக்கர் அந்த வரியை நமக்குப் பதிலாகத் திருத்தும், அவ்வளவுதான். எதைத் திருத்துகிறது என்று சொல்லாத கருவியைத்தான் நான் நம்புவதில்லை.

பெரியப்பா: விண்டோஸ் 95 காலத்தில் ‘ட்வீக் யூஐ’ வைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் ஆட்களே பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் இலவசமாகக் கொடுத்தது. ஷார்ட்கட் மேல் இருக்கும் அம்புக்குறியைக்கூட எடுத்துவிடலாம்.

செந்தில்: அதேதான்! இப்போது அந்த வேலைக்கு வினேரோ ட்வீக்கர் இருக்கிறது. இலவசம். அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். ஆனால் முதலில் சும்மா ஒன்று செய்து பாருங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக்.

பெரியப்பா: அட! பழைய மெனு வருகிறது.

மீனா சித்தி: எனக்கு இதுவே போதும் 🙏

பெரியப்பா: ஒரு கையில் தாள் இருக்குமே செந்தில். நிரந்தரமாக வேண்டும்.

செந்தில்: சரி. முதலில் ஸ்டார்ட்டில் ‘ரீஸ்டோர் பாயிண்ட்’ என்று தேடித் திறங்கள். சி டிரைவுக்கு ‘ஆஃப்’ என்று இருந்தால் ஆன் செய்துவிட்டு, ‘கிரியேட்’ அழுத்திப் பெயர் கொடுங்கள். ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம், உங்கள் பத்திரக் கோப்புகளை அது தொடாது. அப்புறம் ட்வீக்கரில் விண்டோஸ் 11 பகுதியில் ‘கிளாசிக் ஃபுல் கான்டெக்ஸ்ட் மெனு’, அதாவது பழைய முழு ரைட் கிளிக் மெனு. அந்த ஒன்றை மட்டும் ஆன் செய்யுங்கள். சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

நிவேதா: அது உள்ளே என்ன செய்கிறது?

செந்தில்: புது மெனுவின் நிரல் எங்கே என்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும். ட்வீக்கர் உங்கள் யூசர் கணக்கின் கீழ் அந்த முகவரியை வெற்றாக எழுதி வைக்கும். வெற்றாக இருப்பதால் விண்டோஸ் பழைய மெனுவுக்கே போய்விடும். அந்தப் பதிவை அழித்தால் புதியது திரும்பிவிடும். பெரியப்பா, எதை மாற்றினாலும் தேதி போட்டு, பழைய மதிப்பு என்ன, புதியது என்ன என்று எழுதி வையுங்கள்.

பெரியப்பா: புரிகிறது. வில்லங்கம் பார்க்காமல் பத்திரம் எழுதக்கூடாது. யார் எப்போது என்ன மாற்றினார் என்று கையில் இருக்க வேண்டும்.

செந்தில்: அதேதான் பெரியப்பா.

(40 நிமிடம் கழித்து)

பெரியப்பா: வந்துவிட்டது. ரைட் கிளிக், செவன்-ஜிப், முடிந்தது. நோட்டில் முதல் வரி எழுதிவிட்டேன். வீடியோ சாஃப்ட்வேரைத் திறக்காமலே அழித்துவிட்டேன். அந்த 400-ஐ நாளைக்குப் பார்க்கலாமா?