மீன் தொட்டி ஆசையை நம்பி மீனியல் படிக்க அனுப்பலாமா?

அஸ்தம்பட்டி அப்பா

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

என் மகள் பிளஸ் ஒன் முடித்துவிட்டாள். வீட்டில் ஒன்பது மீன் தொட்டி. ஆரம்பித்து வைத்த பாவி நான்தான். அவள் மூன்றாவது படிக்கும்போது ஒரு ஜோடி கப்பி வாங்கிக் கொடுத்தேன். இப்போது தண்ணீர் தூக்குவது மட்டும்தான் என் வேலை. எந்தத் தொட்டியில் எது எப்போது குட்டி போட்டது, எது எதைக் கடித்தது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டில் கை வைக்க எனக்கு அனுமதி கிடையாது.

மீன் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டுக்காரம்மா "அதுக்கு செவ்வாப்பேட்டையில கடை வச்சுக் குடுத்துடலாமே, படிப்பு எதுக்கு" என்கிறார். மச்சான் நர்சிங் சொல்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கும்? தொட்டி வைப்பதும் மீனியலும் ஒன்றுதானா?

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு டேங்க் கிளீனர் (தொட்டிப் பாசியைத் தின்னும் மீன்) ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டியில் திரும்ப முடியாமல் கிடந்தன. பாவமாக இருந்தது. பாப்பா ஸ்கூல் போயிருந்தபோது பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போய் மூக்கனேரியில் விட்டுவிட்டேன். நான்கு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. உயிரோடுதானே விட்டேன், இதில் என்ன தப்பு?

தொட்டிக்கடை

அண்ணா, நான் சேலத்தில் பதினோரு வருஷமாக மீன் கடை வைத்திருக்கிறேன். குழம்பு மீன் இல்லை, கண்ணாடித் தொட்டி மீன். அதனால் அண்ணி சொன்ன யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சரக்கு பெரும்பாலும் சென்னை கொளத்தூரில் இருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சலாக வரும். ஆக்சிஜன் அடித்த பை, தெர்மோகோல் பெட்டி. மே மாதத்தில் பெட்டியைப் பிரிக்கும் முன் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பிரிப்பேன். மீனில் பெரிய லாபம் கிடையாது. தொட்டி, ஃபில்டர், தீவனம் இதில்தான் கடை ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போனால் எழுந்து ஓட வேண்டும். கல்யாணத்துக்குக் கூட ஒரு நாள் சேர்ந்தாற்போல ஊருக்குப் போக முடியாது.

பாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். கப்பி, மோலி எல்லாம் அதில் ராஜா மாதிரி இருக்கும். மென்மையான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ராவை அதில் வாங்கிப் போட்டுவிட்டு "உன் மீன் சரியில்லை" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு கஸ்டமர் ஃபில்டர் பஞ்சை குழாயடியில் பளிச்சென்று கழுவிப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் எல்லாம் செத்துவிட்டது என்று வந்தார். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா பஞ்சில்தான் இருக்கும், அது குழாய்த் தண்ணீர் குளோரினில் போயிருக்கும், அம்மோனியா ஏறியிருக்கும். பிஎச் 7 தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அதே அளவு பிஎச் 8-ல் பத்து மடங்கு விஷம். நம்ம தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

டேங்க் கிளீனர் விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். விரல் நீளத்தில் விற்றது எங்களை மாதிரி ஆட்கள்தான்.

செதில்

சார், நான் மீனியல்காரி. கன்னங்குறிச்சிப் பெண். மூக்கனேரிக் கரையில் வளர்ந்தவள். அதனால் உங்கள் பக்கெட் கதையைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொட்டியும் மீனியலும் ஒன்றுதானா என்று கேட்டீர்கள். தொட்டி வைப்பவருக்கு மீன் சாகக் கூடாது. என் வேலையில் என் கைக்கு வரும் மீன் பெரும்பாலும் செத்துத்தான் வரும். இந்தக் குழுவில் இருக்கிற எல்லோருடைய தொட்டியிலும் செத்த மீனைக் கூட்டினாலும் நான் வயிறு கிழித்த எண்ணிக்கைக்கு வராது. பாப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. எனக்கே முதல் ஆறு மாதம் மீன் குழம்பு இறங்கவில்லை.

ஒரு நாள் எப்படி இருக்கும் என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் நிற்க வேண்டும். ராத்திரி விட்ட செவுள் வலையை இழுத்துக்கொண்டு பரிசல்கள் வரும். வியாபாரி எடை போடுவதற்கு முன் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். நீளம், எடை, ஆணா பெண்ணா. வாங்க வேண்டியதை நம் காசில் வாங்க வேண்டும். அப்புறம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பக்கவாட்டுக் கோட்டில் உள்ள செதில்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 22-ஆ 23-ஆ என்று ஒரே மீனை நான்கு தடவை எண்ணியிருக்கிறேன். அந்த ஒரு செதிலில் இனமே மாறிப்போகலாம். ஃபார்மலினில் போட்ட மீன் கொஞ்ச நாளில் நிறம் போய் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். கை நாற்றம் மட்டும் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட் எனக்கு எப்போதும் காலியாகவே கிடைக்கும், அது ஒரு வசதி.

சம்பளம்? முதல் எட்டு வருஷம் திட்ட வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. உதவித்தொகை மூன்று மாதம் சேர்த்து வரும், சில சமயம் ஆறு மாதம். வீட்டில் சோறு இருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

சரி, பிறகு எதற்கு இதில் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

விரால் குடும்பத்தில் கச்சுவா என்று ஒரு குட்டை மீன் உண்டு. ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. துடுப்பு ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு இருக்கும். இப்போது அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்கிறார்கள், அது தனிக் கதை. ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால்களில் அதன் இரைப்பையைப் பார்க்கும் வேலை எனக்கு. கிழித்துப் பார்ப்பேன், பூச்சி, குட்டி இறால் என்று எழுதுவேன். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. "இரைப்பை காலி" என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பேன். பதினேழு மீனுக்கு அப்படி எழுதினேன்.

அந்தச் சமயம் வலையில் உயிரோடு சிக்கிய இரண்டை வீட்டுக்குக் கொண்டு வந்து மூன்றடித் தொட்டியில் விட்டேன். படிப்புக்காக இல்லை, சும்மா ஆசைக்குத்தான். இரண்டு மாதம் கழித்து பெரியது சாப்பிடுவதை நிறுத்தியது. மண்புழு மூக்கு முன்னால் நெளிந்தாலும் திரும்பிக்கொள்ளும். தாடைக்குக் கீழே உப்பி, பல்வலிக்காரர் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. கட்டி என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் போடலாமா என்று யோசித்தேன். கிழித்துப் பார்த்துவிடலாமா என்றும் நினைத்தேன், தொழில் புத்தி. ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது அது கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து மூடியது. உள்ளே முழுக்க மஞ்சள் முட்டை. அவற்றை ஒரு சுழற்று சுழற்றி மறுபடி அடக்கிக்கொண்டது.

அது ஆண். அப்பன்காரன் வாயில் முட்டையை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறான். ஜிலேபி மீன் (திலேப்பியா) வாயில் குஞ்சு சுமக்கும் என்பது எனக்குப் பாடம். ஆனால் அதில் சுமப்பது தாய். கச்சுவாவில் அப்பன் சுமக்கும் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். படித்தது ஒரு பக்கம், என் கையால் "இரைப்பை காலி" என்று எழுதின தாள் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு ஒரு தொட்டி தேவைப்பட்டது. வலையில் அடிபடும்போதே முட்டையைத் துப்பிவிடும். மேசைக்கு வரும்போது வாயும் காலி, வயிறும் காலி.

அதனால் உங்கள் மகளின் அந்த நோட்டை லேசாக நினைக்காதீர்கள். எது எதைக் கடித்தது என்று தேதி போட்டு எழுதுகிற பிள்ளைகள் எம்.எஸ்சி. வகுப்பிலேயே குறைவு.

படிப்பு விவரம்: பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம்) நான்கு வருஷம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கியது. மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் நாகப்பட்டினத்தில் வந்தது. அதில் சேர்ந்தால் மீன் வளர்ப்பு, இறால் நோய், பதப்படுத்துதல், வலை, படகு எல்லாம் படிக்க வேண்டும். அலங்கார மீன் ஒரு சின்ன மூலைதான். ஆனால் மீன்வளத் துறை வேலை, வங்கியில் விவசாய அலுவலர், தீவன கம்பெனி என்று வழி இருக்கிறது. என்னை மாதிரி ஓடை ஓடையாய் அலைய வேண்டும் என்றால் விலங்கியல் படித்தும் வரலாம். பசிக்கு முதல் வழி நல்லது. என் மகளாக இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

இப்போது பக்கெட். டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். காற்றையும் விழுங்கி மூச்சு விடும், அதனால் சாக்கடைத் தண்ணீரிலும் சாகாது. கரையில் வளை தோண்டும். முள்ளும் தகடுமாக இருப்பதால் வலையில் மாட்டினால் வலை கிழியும், விலைக்கும் போகாது. நாம் சொந்தம் கொண்டாடுகிற ஜிலேபியே ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்கு வந்ததுதான். விட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். நீங்கள் விட்டதை இனிப் பிடிக்க முடியாது. ஏரியில் வலை போடுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள், மாட்டினால் திரும்ப விடாமல் கரையில் போடச் சொல்லுங்கள். மகளிடம் மன்னிப்பு கேளுங்கள். பெரிசாகிவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், இல்லையா தொட்டிக்கடைக்காரரே?

தொட்டிக்கடை

கொடுக்கலாம் மேடம். காசு தர மாட்டேன், ஆனால் வாங்கிக்கொள்வேன்.

காபிக்காடு, ஏற்காடு

எனக்குப் படிப்பு பற்றித் தெரியாது. எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை. லீவு நாளில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டி வருகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

வெயில் காலத்தில் எங்கள் ஓடை கயிறு மாதிரி இளைத்துவிடும், அங்கங்கே குழியில் மட்டும் தண்ணீர் நிற்கும். பாறையில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு இருக்கும் விரல் நீள மீனை அப்போது மேலே நின்றே பார்க்கலாம். சேலத்தில் இருந்து வந்த இரண்டு பையன்கள் ஒரு பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் பாதி மிதந்திருக்கும். பார்த்துவிட்டுப் போங்கள், பிடிக்க வேண்டாம். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

செதில்

நீங்கள் சொல்வது காரா வகையாக இருக்கும். கீழ் உதட்டுக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதை வைத்துத்தான் ஒட்டும். குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் மீன் அது. பாட்டிலில் மூச்சு முட்டித்தான் போயிருக்கும்.

அஸ்தம்பட்டி அப்பா

எல்லோருக்கும் நன்றி. மன்னிப்பு கேட்டுவிட்டேன். நேற்று மூக்கனேரியில் வலை போடும் ஒருவரைத் தேடிப் போய்ச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "உங்க ரெண்டு மட்டுமா சார்" என்று கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார். பாப்பா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மேடம் எழுதியதை அவளே படித்தாள். ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: அந்தப் பதினேழில் எத்தனை ஆண்? பெண்ணுக்கும் இரைப்பை காலியாக இருந்தால் அதற்குக் காரணம் வேறுதானே?

செதில்

பதினொன்று ஆண், ஆறு பெண். அந்த ஆறுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ராத்திரி முழுக்க வலையில் கிடந்தால் தின்றது செரித்தும் போகும், சில மீன் கக்கியும் விடும். அப்படியென்றால் அந்தப் பதினொன்றிலும் எத்தனை பேர் நிஜமாகவே முட்டை சுமந்தவர்கள் என்று சொல்ல முடியாது. இதை அப்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் போகிறேன். நீங்களும் கூட வருவதானால் அவளை அழைத்து வாருங்கள். ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். பழைய செருப்பு போட்டு வரட்டும், அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.