லத்தீனோ குடும்பங்களுக்கு நீரிழிவுத் தடுப்பு வகுப்பு: உள்ளூர் நிதி எங்கே கேட்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களுக்கு ஸ்பானிஷில் நீரிழிவுத் தடுப்பு வகுப்பு நடத்த ஒரு சிறு தொண்டு அமைப்பு யாரிடம் நிதி கேட்கலாம்? பட்ஜெட்டில் எதை விடக்கூடாது?

பதில் 1: முதலில் உங்கள் பகுதியின் லாப நோக்கமற்ற மருத்துவமனை. வரிவிலக்குக்காக அவை 3 ஆண்டுக்கு ஒருமுறை சமூக சுகாதாரத் தேவை மதிப்பீட்டை வெளியிட்டாக வேண்டும். அதில் நீரிழிவு முன்னுரிமைப் பட்டியலில் இருந்தால், அந்தப் பக்கத்தைச் சுட்டியே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பொதுவான புள்ளிவிவரத்தைவிட அது வலுவானது.

பதில் 2: சிடிசியின் (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) நீரிழிவுத் தடுப்புத் திட்டம் ஓராண்டுக்கானது: முதல் 6 மாதத்தில் 16 வகுப்புகள், பிறகு குறைந்தது 6. ஏ1சி (சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை உள்ளவர்கள் சேரலாம். 6 மாத நிதியை மட்டும் வாங்கிவிட்டால் பின்பாதி நின்றுபோகும்; ஆட்கள் கழன்றுகொள்வதும் அப்போதுதான். குழந்தைப் பராமரிப்பு, பஸ் கட்டணம், ப்ரொமோத்தோராக்களின் (அதே சமூகத்திலிருந்து வரும் சுகாதாரப் பணியாளர்கள்) சம்பளம் மூன்றையும் பட்ஜெட்டில் தனித்தனிச் செலவாகப் போடுங்கள். ப்ரொமோத்தோராக்களைத் தன்னார்வலர்களாகக் காட்டுவது அநியாயம், ஆளும் நிற்காது. மாலை வகுப்பே வைக்கவும்.

பதில் 3: மெடி-கால் (வருமானம் குறைந்தோருக்கான கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடு) 2019 முதல் இதற்குப் பணம் தருகிறது. ஆனால் சிடிசி அங்கீகாரமும் மெடி-கால் பதிவும் வேண்டும். தொகை வருகையையும் எடைக் குறைப்பையும் பொறுத்துப் பின்னால்தான் வரும். அதுவரை சம்பளம் கொடுக்கத்தான் உள்ளூர் நிதி தேவை என்று நேராகவே எழுதலாம். இன்னொன்று, சேர்க்கைப் படிவத்தில் குடியேற்ற நிலையைக் கேட்காதீர்கள். கேட்டால் பயத்தில் குடும்பமே வராது.