மீட்கப்பட்ட விலங்குகளைப் பார்த்த அனுபவம் – டெல்டாக்காரர்கள் எழுதுங்கள்

தஞ்சாவூரிலிருந்து:

சிவகங்கைப் பூங்கா என்றாலே என் வயசுக்காரர்களுக்கு மான்தான் ஞாபகம் வரும். பெரிய கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அப்படியே அங்கே ஒரு நடை போவோம். வேலிக்கு வெளியே நின்று தின்பண்டத்தைக் கவரோடு வீசுகிறவர்களிடம் என் பெரியம்மா சண்டைக்கே போய்விடுவார். நியாயமான சண்டை. மான் அசைபோடுகிற பிராணி. பிளாஸ்டிக் கவர் இரைப்பையில் தங்கிவிட்டால் தீனி இறங்காது, மெலிந்து மெலிந்தே செத்துப்போகும். மாடு வைத்திருக்கிற வீட்டில் இதைச் சொல்லவே வேண்டாம்.

அந்த நாளில் ஊர்த் திடலில் சர்க்கஸ் கூடாரம் போட்டால் கூண்டு வண்டியில் சிங்கம் வரும். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. பறிமுதல் செய்த சிங்கங்களை வைத்துப் பராமரிக்க வண்டலூர் உட்படச் சில இடங்களில் மையங்கள் அமைத்தார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை உழவன் எக்ஸ்பிரஸில் கூட்டிக்கொண்டு விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி வண்டலூர் போனோம். "காப்பாத்துன சிங்கத்தையெல்லாம் ஏம்மா காட்டுல விடல?" என்று சின்னவள் கேட்டாள். சர்க்கஸ் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் கலந்து பிறந்தவை. ஆசியச் சிங்கங்கள் வாழ்கிற குஜராத்தின் கிர் காட்டில் விட்டால் அங்கே இருக்கிற இனமும் கலந்துபோகும். வேட்டையாடவும் அவற்றுக்குத் தெரியாது. அதனால் குட்டி போடாமல் பார்த்துக்கொண்டு, ஆயுள் முடிகிறவரை இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவளுக்குப் புரியும்படி இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பாபநாசம் பக்கத்திலிருந்து:

எங்கள் பழைய வீட்டுப் பரணில் கூகை என்கிற ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. கூகை வீட்டில் இருந்தால் ஆகாது, தூக்கி வெளியே போடு என்றார் மாமியார். வீட்டுக்காரரோ, பூங்காவில் கொடுத்துவிடலாம் என்றார். வனத்துறைக்குப் போன் செய்ததும் வனக்காவலர் ஒருவர் வந்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார், காயம் இல்லை. "எங்கயும் கொண்டுபோக வேணாம்மா, தாய்கிட்டயே விட்ருவோம்" என்று ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு, குஞ்சை அதே பரணில் ஏற்றி வைத்தார். இருட்டினதும் வெள்ளை முகத்தோடு தாய் வந்தது, காலில் ஓர் எலி. நடவு முடிந்ததும் எலியைப் பிடிக்கட்டும் என்று வயலில் குச்சி நட்டு ஆந்தைக்கு இடம் பண்ணுகிறவர்கள் நாம். வீட்டுக்கு வந்ததை எப்படி விரட்டுவது? மாமியாரிடம் இதைத்தான் சொன்னேன். அப்புறம் அவரே பரண் பக்கம் யாரையும் விடவில்லை.

திருச்சியிலிருந்து:

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பச்சைக்கிளி வளர்த்தார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அது வேறு கணக்கு. விஷயம் தெரிந்ததும் அவர்களே கிளியை வனத்துறையிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள், நானும் கூடப் போனேன். வெட்டின இறகு உதிர்ந்து புதுசு முளைத்துவிடும், அது பெரிய விஷயமில்லை என்றார் கால்நடை மருத்துவர். ஆனால் இந்தக் கிளி ஆளைக் கண்டால் பறக்காது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு தோளில் வந்து உட்காரும். காவிரிக்கரை மரத்தில் விட்டால் பூனையோ காக்கையோ முதல் நாளே முடித்துவிடும் என்றார். மற்ற கிளிகளோடு பெரிய கூண்டில் விட்டிருக்கிறார்கள். மனுஷர்களைக் கூப்பிடுவது குறைந்து, இப்போது கிளிகளோடு சேர்ந்து கத்துகிறதாம்.