கழிவுன்னு சொன்னா யாரு வாயில வெப்பா? 'பூஞ்சக்கை' சரியா வருமா?

வணக்கம். எண்ணெய், பால் எடுத்த மிச்சத்துல பூஞ்சணம் மாதிரி நுண்ணுயிர வளத்து மறுபடி சாப்பாடாக்குறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஐயா குடுத்த 'நுண்ணுயிர்வழி வேளாண்கழிவு மீளுணவாக்கம்'ங்கிற சொல்லப் படிச்சேன். இலக்கணத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பாசார்ல (சந்தையில) நின்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, மூச்சு வாங்கும் லா. அதவிட உறுத்துறது 'கழிவு', கேட்டாலே கக்கூஸ் ஞாபகம்தான் வருது. தோட்டத்துல நாம அப்படி சொன்னதே இல்லையே, எண்ணெய் ஆட்டுனா மிச்சம் புண்ணாக்கு, தேங்காப்பால் புழிஞ்சா மிச்சம் சக்கை, அவ்வளவுதான்.

மேற்கு ஜாவாவுல இந்த மிச்சத்துலயே செய்ற ஒஞ்சோம்னு ஒரு சாப்பாடு இருக்கு. கடலைப் புண்ணாக்கு, இல்லாட்டி தவுஹு (டோஃபு) செஞ்ச சோயா சக்கை, அதுல நியூரோஸ்போரா பூஞ்சணத்த விட்டு வெச்சா ஆரஞ்சு கலர்ல பூத்துரும். நம்ம வயிறு செரிக்காத செல்லுலோஸ், பெக்டின் எல்லாத்தையும் அது உடைச்சுத் தின்னு தன் உடம்பாக்கிக்குது, 2024ல நேச்சர் மைக்ரோபயாலஜிங்கிற ஆய்விதழ்லகூட இதப்பத்தி ஆய்வு வந்துச்சு.

போன மாசம் நானும் சோயா சக்கை வாங்கி அவிச்சு, தெம்பே ராகி தூவி (தெம்பேன்னா பூஞ்சணம் விட்டு செய்ற சோயாக் கட்டி; ராகின்னா கேவுறு இல்ல, மலாய்க்காரங்க புளிக்க வெக்கப் போடுற வித்து) வாழையிலையில மடிச்சு அரிசி டின் மேல வெச்சேன். ரெண்டாம் நாள் பிரிச்சா வெள்ளையா பஞ்சு மெத்த மாதிரி, தொட்டா கதகதன்னு சூடு. மாமியார் எட்டிப் பாத்துட்டு "ஐயய்யோ பூசணம் பூத்துருச்சு, தூக்கிப் போடும்மா"ன்னாங்க. அங்கதான் எனக்கு சொல்லு கெடச்சுச்சு. பூசணம் 'பூக்குது'ல்ல? அப்ப செய்முறைக்கு 'சக்கை பூக்கவைத்தல்', வர்ற பொருளுக்கு 'பூஞ்சக்கை'. பூத்த சக்கைன்னும் எடுத்துக்கலாம், பூஞ்சணச் சக்கைன்னும் எடுத்துக்கலாம். தொட்டியில தண்ணியா ஈஸ்ட், பாக்டீரியா வளக்குறதுக்கு இது ஒத்துவராது, அங்க நொதித்தலே இருக்கட்டும்.

ஆசையில யாரும் தேங்கா சக்கையில பண்ணிராதீங்க, தெம்பே போங்க்ரெக்னு ஜாவாவுல அப்படித்தான் செஞ்சு, அதுல வேற ஒரு பாக்டீரியா பூந்து விஷமாகி எத்தனையோ பேர் செத்துருக்காங்க.

பாக்கெட்டு பின்னாடி 'சேர்மானம்: கோதுமை மாவு, பூஞ்சக்கை மாவு, உப்பு'ன்னு போட்டா உறுத்தாதுன்னுதான் நெனைக்கிறேன். ஒரே சிக்கல், பக்கத்து வீட்டு மலையாளி அக்காகிட்ட சொன்னேன், "பலாப்பழத்துல என்னடி பூக்குது?"ன்னு கேட்டாங்க, அவங்களுக்கு சக்கைன்னா அதுதானே. இதுக்கு யாராச்சும் வழி சொல்லுங்க.