குவாதலூப்பில் கப்பல் நின்றால் கடற்கரையை விடுங்கள், கபெஸ்தேர் போங்கள்

கரீபியன் கப்பல் பயணம் என்றால் கடற்கரை, ஸ்நார்க்கலிங், ரம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அதெல்லாம் அடுத்த தீவிலும் கிடைக்கும். குவாதலூப்பில் ஒரு பகல் கையில் இருந்தால் வண்டி பிடித்துத் தெற்கே கபெஸ்தேர் ஊரிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள் என்பது என் கட்சி.

நாங்கள் சான் ஹுவானில் ஏறிய கப்பல் காலையிலேயே புவாந்த்-அ-பீத்ர் துறைமுகத்தைப் பிடித்துவிட்டது. ஊர் நடக்கிற தூரம்தான். இது பிரான்ஸின் ஒரு பகுதி என்பதால் யூரோதான் செல்லும். பேச்சு பிரெஞ்சும், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும். கப்பலில் விற்ற சுற்றுலாவில் அருவி இருந்தது, கோயில் இல்லை. அதனால் வாசலில் நின்ற டாக்சிக்காரர்களில் ஓரளவு ஆங்கிலம் பேசியவரைப் பிடித்தோம். கப்பலில் பழக்கமான இன்னொரு குடும்பமும் சேர்ந்துகொண்டது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

கபெஸ்தேர்-பெல்-ஓ சுமார் 30 கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்க இருபுறமும் வாழைத் தோட்டம், குலைகளுக்கெல்லாம் நீல பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறார்கள். ஊருக்குச் சற்று முன்னால் ஷாஞ்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே கோயில். கோபுரத்தில் வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள். உள்ளே இருப்பவள் மாரியம்மன், இந்த ஊர்க்காரர்கள் வாயில் மாலியெமென். இந்தத் தீவுக் கோயில்களில் மதுரை வீரனும் உண்டு. நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டு வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஆடு, கோழி பலியும் நிற்கவில்லை. "சைவக் கோயில் மாதிரி எதிர்பார்க்காதீங்க" என்று உடன் வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நம் ஊர் எல்லைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இருக்காது.

பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளைத் தேடிப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தார்கள். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போனது. முதல் கப்பலான ஒரேலி இங்கே வந்து சேர்ந்த நாள் 1854 டிசம்பர் 24. 1889 வரை வந்தவர்கள் 42,000 பேருக்கு மேல். அவர்களின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. கபெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. எங்கள் ஓட்டுநர் இந்தப் பெயரைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டுத்தான் பேசினார். அவருடைய அம்மா வழிப் பாட்டியின் குடும்பம் காரைக்காலிலிருந்து வந்ததாம்.

கோயிலில் ஒரு அம்மாள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், நெற்றியில் குங்குமம். தமிழ் தெரியாது. நான் தமிழ் படிப்பேன் என்று ஓட்டுநர் கிரியோலில் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. பாட்டு முழுக்க பிரெஞ்சு எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதியது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபட்டது: மாரி, தாயே, வேப்பிலை, முத்து. இரண்டாவது வரியிலேயே அந்த அம்மாள் என்னை நிறுத்தி, ராகத்தோடு தாமே பாடிக் காட்டினார். என் உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ! அவர் பாடும்போது ‘ர’ எல்லாம் ‘ல’வாக ஒலித்தது, தாளம் மட்டும் ஒரு இடத்திலும் பிசகவில்லை. கிளம்பும்போது என் மனைவியின் கையில் நாலைந்து செம்பருத்திப் பூவை வைத்தார்.

மதியம் சாலையோரக் கடையில் ஆட்டுக்கறி கொலம்போ. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் செய்யும் குழம்பு இது. வாசனை நம் வீட்டு வாசனை, காரம் மட்டும் இல்லை. காரம் வேண்டுமென்றால் தட்டோரம் வைக்கிற குண்டு மிளகாயைக் கடித்துக்கொள்ளலாம். கடித்தவர் பாடு அவர் பாடு. ரொட்டியைப் பொரித்து நடுவில் மீனோ கோழியோ வைத்துத் தரும் பொக்கிட் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு ராஜ பனைகள் வரிசைகட்டி நிற்கும் துமனுவார் சாலையில் படம் எடுத்துவிட்டு கார்பே அருவி. மூன்று அருவிகளில் இரண்டாவதைத்தான் எல்லாரும் பார்ப்பது. உயரம் 110 மீட்டர். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்வை மேடைக்குச் சுமார் இருபது நிமிட நடை. மலையில் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள். நாங்கள் போனபோது பாதி அருவியை மேகம் மறைத்திருந்தது. அழகுதான். ஆனால் குற்றாலத்தில் நனைந்து பழகியவர்களுக்குத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பும்போது சாலை நெரிசல் இருந்தது. கப்பல் யாருக்காகவும் நிற்காது, ஒரு மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிச்சமான நேரத்தில் செயின்ட் அந்துவான் சந்தைக்குப் போய், மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய பெண்களிடம் கொலம்போ பொடியும் ஜாதிக்காயும் வாங்கினோம். அடிமை வரலாற்று நினைவகம் மெமோரியல் அக்ட் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் கட்டியது. அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், பணத்தை முதல்நாளே யூரோவாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.